கணினியில் ஆடித்தட்டுக்கள் அமைத்தல்

பழந்தமிழ் நூல்கள் இன்று நம் கைக்கு எட்டியமைக்குக் காரணம் யாது? ஏடுகள் நெடுங்காலம் நிலைத்தமையன்று. அவை செல்லரித்துச் சிதையுமுன் பெயர்த்தெழுதுவார் இருந்தமையே காரணமாம். ஒன்று அழியினும் மற்றொன்று நிற்கும் என்னும் இந்நெறி, எழுத்தாணி போய்க் கணினி வந்த பின்னரும் மாறிற்றில்லை. மாணவர் இடாப்பு, தேர்வுப் புள்ளிகள், கட்டணக் கணக்கு, பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் என்பன இன்று ஒரு கல்லூரியின் அலுவலகக் கணினியில், ஒரு வன்தட்டினுள் அடங்கிவிடுகின்றன. அத்தட்டுப் பழுதுறும் நாள் ஒன்று வந்தே தீரும். அந்நாளிலும் பணி தடைப்படாதிருக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று ஆடித்தட்டு முறையாகும். அதன் இயல்பையும், பணிசெயல் முறைமையை நிறுவும்போதே அதனை அமைக்கும் வகையையும், அதன் எல்லையையும் ஈண்டு விளக்குவாம்.

வன்தட்டு ஏன் பழுதுறுகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் இருந்தன. அவை யாவும் கூடிக் கொண்டவை 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டு அதனினும் பன்னூறாயிரம் மடங்கு கொள்கின்றது. ஆயின் சுழலும் தட்டு சுழலும் தட்டே. நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது பொது வழக்கு; அதனைப் படிக்கும் தலையோ மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில், தட்டினைத் தொடாது மிதந்து செல்கின்றது. அசையும் உறுப்பில்லாத திண்மநிலைத் தட்டுக்களும் அழியாதன அல்ல. எழுதுந்தோறும் அவற்றின் நினைவுக் கலங்கள் தேய்வுறும். ஆளும் சுற்று ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஓய்வதும் உண்டு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேக்கிளி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றாண்டி காற்ஸ் ஆகிய மூவரும் 1988 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலை மலிந்த தட்டுக்கள் பலவற்றை ஒருங்கிணைத்து, அவற்றுள் ஒன்று வீழினும் தரவு வீழாதிருக்கச் செய்யும் முறைகளை அவர்கள் ஐந்து மட்டங்களாக வகுத்து, றெயிட் என்னும் பெயரால் வழங்கினர். அவற்றுள் முதலாம் மட்டமே ஆடித்தட்டு முறை. இஃது அவர்களுக்கு முன்னரும் வழக்கில் இருந்ததே. அவர்கள் அதனை வரிசைப்படுத்தி இடங்கொடுத்தனர்.

இதன் செயல் எளிது. கணினி எழுதும் ஒவ்வொன்றும் இரு தட்டுக்களிலும் எழுதப்படும். படிக்கும்போது எதிலிருந்தும் படிக்கலாம். ஒரு தட்டு ஓய்ந்தால் மற்றது தனித்து நின்று பணியைத் தொடரும். இதற்கு நாம் கொடுக்கும் விலை கொள்ளளவிற் பாதி. 1 டெறாபைற்றுத் தட்டுக்கள் இரண்டைப் பூட்டினும் பயன்படுவது 1 டெறாபைற்றே. ஒன்று 1 ஆகவும் மற்றது 2 ஆகவும் இருப்பின், சிறியதே அளவாகக் கொள்ளப்படும்.

பெறும் பயனைக் கணக்கிட்டுக் காண்போம். ஒரு தட்டு ஓராண்டிற் பழுதுறும் வாய்ப்பு 100 இற்கு 3 எனக் கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராது பழுதுறுமாயின், ஓராண்டில் இரண்டுமே வீழும் வாய்ப்பு 10,000 இற்கு 9 ஆகும். முதலாவது வீழ்ந்த 10 நாட்களுக்குள் புதிய தட்டினைப் பூட்டிவிடுவோமாயின், அவ்விடைவெளியில் மற்றதும் வீழும் வாய்ப்பு ஏறக்குறைய 1,00,000 இற்கு 5 ஆகச் சுருங்கும். பழுதை உடன் அறிந்து திருத்துவார்க்கும், ஆண்டு முழுதும் அறியாதிருப்பார்க்கும் இடையே 18 மடங்கு வேறுபாடு உண்டென்பது இதனாற் பெறப்படும். ஆகவே காப்பது தட்டு மட்டுமன்று, காண்பாரின் கண்ணுமாம்.

இனி அமைக்கும் முறையைக் கூறுவாம். பணிசெயல் முறைமையை நிறுவிய பின்னரும் ஆடித்தட்டு அமைத்தல் கூடும். ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் முறைமையை இடம்பெயர்த்தல், குடியிருக்கும் வீட்டுக்கு அத்திவாரம் மாற்றுவதை ஒக்கும். ஆதலின் நிறுவும்போதே செய்வது நன்று. எவரும் விலையின்றிப் பெறத்தக்க டெபியன் என்னும் இலினக்சு முறைமையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவதாக, ஒத்த அளவுள்ள இரு தட்டுக்களைத் தேர்க. ஒரே தொகுதியில் ஒரே நாளில் ஆக்கப்பட்டவை ஒரே காலத்திற் பழுதுறவுங்கூடும்; எனவே வெவ்வேறு தொகுதியைச் சேர்ந்தவை விரும்பத்தக்கன. தட்டுக்களில் முன்னர் இருந்தவை நிறுவும்போது அழியுமாதலின், வேண்டியவற்றை வேறிடத்தில் முன்னரே எடுத்து வைத்தல் வேண்டும். தாய்ப்பலகைகள் சில தாமே றெயிட் அமைக்கும் வசதி உடையன. அதனை விடுத்து, இரு தட்டுக்களும் தனித்தனியே தோன்றுமாறு வைத்தல் தக்கது. தாய்ப்பலகை அமைத்த ஆடி அப்பலகையின் இனத்தைச் சார்ந்து நிற்கும். மென்பொருள் அமைத்த ஆடித்தட்டையோ இலினக்சு ஓடும் வேறெந்தக் கணினியிலும் பூட்டிப் படிக்கலாம்.

இரண்டாவதாக, தட்டினைப் பிரிக்கும் கட்டத்தில் தன்னியக்க முறையைத் தவிர்த்துக் கைமுறையைத் தேர்க. இக்காலக் கணினிகளில் இயக்கத்தைத் தொடக்கும் கோப்புக்களுக்கென ஒரு சிறு பிரிவு வேண்டும். 512 மெகாபைற்று போதும். அச்சிறு பிரிவையும், எஞ்சிய இடம் முழுவதையுங் கொண்ட பெரும் பிரிவையும் இரு தட்டுக்களிலும் ஒரே அளவில் உண்டாக்கி, பெரும் பிரிவுகளை றெயிட்டுக்குரியன எனக் குறிக்க.

மூன்றாவதாக, மென்பொருள் றெயிட்டை அமைக்கும் பகுதிக்குச் சென்று, முதலாம் மட்டத்தைத் தெரிந்து, செயற்படு தட்டுக்கள் 2, மாற்றுத் தட்டு 0 எனக் கொடுத்து, தட்டுக்கு ஒன்றாக அப்பெரும் பிரிவுகள் இரண்டையும் சேர்க்க. அப்போது இரண்டும் இணைந்து ஒரே சாதனமாகத் தோன்றும். அதன்மீதே கோப்பு முறைமையை உண்டாக்கிப் பணிசெயல் முறைமையை நிறுவுக. நினைவகம் போதாதபோது துணையாகும் இடமாற்றுப் பகுதியும் ஆடியினுள்ளேயே இருத்தல் வேண்டும். அதனை ஒரு தட்டில் மட்டும் வைப்பின், அத்தட்டு வீழும்போது அங்கே இடம்பெயர்ந்திருந்தவை ஒழிந்து, ஓடும் நிரல்களும் உடன் வீழும்.

நான்காவதாக, பலர் மறக்கும் ஒன்றுண்டு. தொடக்கக் கோப்புக்களுக்குரிய சிறு பிரிவு ஆடியினுள் அடங்கியதன்று. நிறுவல் நிரல் அதனைப் பெரும்பாலும் முதற்றட்டில் மட்டுமே நிரப்பும். முதற்றட்டு ஓயின், இரண்டாவதில் தரவு முழுவதும் இருந்தும் கணினி எழாது. திறவுகோலில்லாப் பெட்டகத்திற் பொருள் இருப்பதுபோலாம். ஆதலின் நிறுவி முடிந்ததும் அச்சிறு பிரிவின் உள்ளடக்கத்தை மற்றதிலும் பெயர்த்து, அதனையும் தொடக்கத்தக்க தட்டாகக் கணினிக்கு அறிவித்தல் வேண்டும். முறைமையை இற்றைப்படுத்தும்போது தொடக்கக் கோப்புக்கள் மாறின், அப்பெயர்ப்பையும் புதுக்குக.

நிறுவியதும் இரு தட்டுக்களும் ஒத்திசையத் தொடங்கும். செக்கனுக்கு 150 மெகாபைற்று வேகத்தில் 1 டெறாபைற்று ஒத்திசைய 111 நிமிடம் செல்லும். அதுவரை காப்பு நிறைவுறாது. இந்நிலையை எம்டிஸ்டாட் என்னும் கோப்பிற் காணலாம். 'யூ' என்னும் ஆங்கில எழுத்து இருமுறை காணப்படின் இரண்டும் நலம். ஓரெழுத்தின் இடத்தில் அடிக்கோடு காணப்படின் ஒரு தட்டு விலகியதென அறிக. பழுது நேர்ந்தவுடன் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் செல்லுமாறும் அமைத்துவைக்கலாம்.

ஒத்திசைந்தபின் சோதித்தல் இன்றியமையாதது. கணினியை நிறுத்தி, முதற்றட்டின் இணைப்பைக் கழற்றி, மீண்டும் இயக்குக. எழுமாயின் அமைப்புச் செம்மையானது. பின்னர் நிறுத்தி, கழற்றியதைப் பூட்டி, ஆடியில் மீளச் சேர்த்து, முழுதும் ஒத்திசைந்த பின்னரே மற்றதைச் சோதிக்க. சோதியாத காப்பு காப்பெனக் கொள்ளத்தக்கதன்று.

இறுதியாக இம்முறையின் எல்லையைக் கூறுதல் கடன். ஆடி தன்முன் நிற்பதையே காட்டும். நேற்று நின்றதைக் காட்டாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழிப்பின் அஃது இரு தட்டுக்களிலும் அக்கணமே அழியும். நச்சுநிரல் குலைத்ததும் இரண்டிலும் குலையும். மின்னலும் தீயும் களவும் ஒரு பெட்டியிலுள்ள இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதிருந்தவை மீளவில்லை. ஒரு கூரையின்கீழ் எத்தனை படி வைப்பினும் அவை ஒரு படியே என்பதை நம்மவர்க்கு வேறொருவர் உரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே ஆடித்தட்டு வேறு, காப்புப்படி வேறு. முன்னது பணி தடைப்படாது காக்கும். பின்னது நினைவைக் காக்கும். தேர்வுப் புள்ளிகளைப் பதியும் நாளில் தட்டு ஓய்ந்தால் முன்னது உதவும். சென்ற திங்களின் இடாப்பு இன்று வேண்டின் பின்னதே உதவும். கணினி நிறுவும் நாளில் இரண்டாவது தட்டினைப் பூட்டுவோர், கிழமைதோறும் ஒரு படி எடுத்து வேறொரு கட்டடத்தில் வைக்கும் பொறுப்பையும் அன்றே ஒருவரிடம் ஒப்படைப்பாராக.