எதுகையும் தரவுத்தளமும்

எதுகை யாது என்று யாப்புக் கற்கத் தொடங்கிய மாணவனைக் கேட்டாலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது என்று விடை கூறுவான். கணினித் தரவுத்தளத்துக்கு அது தெரியாது. 'மாலை' என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்தைத் தருக என்றால், 'லை' என்று தாராமல் வெறுந் துணைக்காலை எடுத்து நீட்டும். யூனிகோடு முறையில் அச்சொல் மகரம், துணைக்கால், லகரம், ஐகாரக் குறி என நான்கு குறியீடுகளாகப் பதியப்படுவதே காரணம்.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. எட்கர் காட் 1970இல் வகுத்த உறவுமுறைக் கொள்கையின்படி தரவுகள் யாவும் அட்டவணைகளாக அமையும். அவ்வழியில் எழுந்த தொடக்ககாலத் தரவுத்தளங்கள் எண், சொல், நாள் என்னும் சில வகைகளையே அறிந்திருந்தன. கலிபோர்னியாவிலுள்ள பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1970களில் இங்கிரஸ் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியவருள் ஒருவரான மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், கடன்பத்திர வணிகர் எழுப்பிய முறையீடு ஒன்றைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். பிப்ரவரி 15 முதல் மார்ச் 15 வரை, சாதாரண ஆண்டில், நாட்காட்டிக்கு 28 நாள். மாதந்தோறும் 30 நாள் என்று வட்டி கணக்கிடும் வணிகருக்கோ 30 நாள். தரவுத்தளம் நாட்காட்டியையே விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டது. யாப்பாசிரியருக்கும் கடன்பத்திர வணிகருக்கும் வேண்டியது ஒன்றே: தம் துறையின் விதியைத் தாமே அதற்குக் கற்பிக்கும் வழி.

ஸ்டோன்பிரேக்கரும் லாரன்ஸ் ரோவும் 1986இல் போஸ்ட்கிரஸ் என்னும் புதிய அமைப்பின் வரைவை வெளியிட்டு அவ்வழியைத் திறந்தனர். பின்னர் 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் எனப் பெயர் பெற்று, இன்று எவரும் விலையின்றிப் பெறக்கூடியதாய் உலவுவது அதுவே. இதன் நுட்பம் எளியது. தான் அறிந்த செயற்கூறுகளின் பெயர், அவை ஏற்கும் பொருள், தரும் விடை ஆகியவற்றைத் தரவுத்தளம் தனக்குள்ளேயே ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. பயனர் எழுதும் செயற்கூறும் அவ்வட்டவணையில் இன்னொரு வரியாகச் சேரும். அதன்பின் பிறவிச் செயற்கூறுக்கும் வந்து சேர்ந்ததற்கும் அது வேற்றுமை பாராட்டுவதில்லை.

ஆகவே 'எதுகை' என்ற பெயரில் ஒரு செயற்கூறு எழுதலாம். அது குறியீடுகளைச் சேர்த்து எழுத்துகளாக்கி, இரண்டாம் எழுத்தைத் தரும். மாலை, சோலை, வேலை மூன்றுக்கும் 'லை' என்றே விடை வரும். (முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும் என்பாருக்கு இன்னும் சில வரிகள் எழுத வேண்டியிருக்கும்.)

ஒரு இலட்சம் சொற்கள் இருப்பின், ஒவ்வொரு தேடலுக்கும் செயற்கூறு இலட்சம் முறை இயங்க வேண்டுமா? வேண்டா. எல்லாச் சொற்களின் எதுகையையும் முன்னரே கணித்து அடைவு ஒன்று அமைத்துவிட்டால், ஏறத்தாழ 17 ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை முறையில் அடுக்கியதும் இத்தகைய ஏற்பாடே. ஆங்கு அடைவாய் நின்றது மாணவனின் மனப்பாடம்.

இனி, பிறர் எழுதிய செயற்கூறு எங்கே இயங்குவது? சி மொழியில் எழுதப்பட்டதாயின், தரவுத்தளத்தின் நினைவகத்துக்குள்ளேயே அது ஏற்றப்படுகிறது. விரைவு மிகுதி, இடரும் மிகுதி. நினைவகத்தில் தனக்குரியதல்லாத இடத்தில் அது எழுதிவிட்டால், தரவுத்தளம் மற்றப் பயனர் அனைவரின் தொடர்பையும் அறுத்து, தன்னை மீட்டெடுக்கத் தொடங்க நேரும். இதனாலேயே போஸ்ட்கிரெஸ்கியூஎல் சி செயற்கூறு சேர்க்கும் உரிமையைத் தலைமை நிருவாகிக்கு மட்டும் அளிக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் டிபி2 வேறொரு வழியும் வைத்திருக்கிறது. ஐயத்துக்குரிய செயற்கூற்றை வேலிக்கு அப்பால் தனிச் செயலாக ஓட்டலாம். அது விழுந்தாலும் வீடு விழாது. ஆனால் ஒவ்வோர் அழைப்பும் வேலியைத் தாண்டிப் போய்வர வேண்டுமாகையால் காலம் செலவாகும். எதுகை போன்ற சிறு பணிக்கு இரண்டும் மிகை. நினைவகத்தையும் கோப்புகளையும் நேரே தொடவியலாத பிஎல்பிஜிஎஸ்கியூஎல் மொழியே போதும்.

வீழ்ச்சியாவது வெளிப்படையானது. ஓசையின்றி வரும் பிழை அதனினும் கொடியது. அடைவில் இடம்பெறும் செயற்கூற்றை எழுதுபவர், ஒரே சொல்லுக்கு என்றும் ஒரே விடை வரும் என்று உறுதி கூற வேண்டும். அவ்வுறுதியைத் தரவுத்தளம் சோதிப்பதில்லை, அப்படியே நம்பிவிடுகிறது. இந்நம்பிக்கை பொய்த்தால் என்னாகும் என்பதை 2018ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் ஜிலிப்சி நிரல் நூலகம் தன் 2.28ஆம் பதிப்பில் சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிதும் மாற்றியது. அவ்வரிசையை நம்பிக் கட்டிய அடைவுகள் பல, பதிப்பு மாறியதும் பழுதாயின. இருந்த சொல்லை இல்லை என்றன. ஒருமுறையே வரலாம் என்ற சொல்லை மறுமுறையும் உள்ளே விட்டன.

எதுகைக்கும் இதே கதிதான். முழு எழுத்தும் ஒன்ற வேண்டும் என்ற விதியால் அடைவு அமைந்தபின், எவரேனும் வருக்க எதுகையும் கொள்வோம் என்று செயற்கூற்றைத் திருத்தி, 'லை' என்ற விடையை 'ல்' என்று மாற்றினால், பழைய சொற்கள் 'லை' என்னும் இடத்திலேயே கிடக்கும். புதியவை 'ல்' என்னும் இடத்திற் சேரும். தரவுத்தளம் எச்சரிக்கை எதுவும் விடுப்பதில்லை. அடைவைக் கலைத்து முதலிலிருந்து கட்டும்வரை, 'சோலை' அட்டவணையில் இருந்தும் அடைவின்வழித் தேடுபவருக்கு அகப்படாது.