தலையாட்டி பொம்மையும் குரூஸ் கப்பலும்

கடல்வழிப் பயணம் திருச்சிராப்பள்ளிக்கு அயலானது அன்று. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய தென்னிந்திய ரயில்வே கம்பெனி, 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதை ஒட்டி, தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே பயணியர் நீராவிக் கப்பல்களை ஓட்டியது. சென்னையிலிருந்து வரும் ரயிலும், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடக்கும் கப்பலும், மறுகரையில் நிற்கும் கொழும்பு ரயிலும் ஒரே பயணச்சீட்டில் அடங்கியதால் அந்த ரயிலுக்கே ‘போட் மெயில்’ என்ற பெயர் நிலைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னும், நள்ளிரவில் திருச்சி சந்திப்பைக் கடக்கும் இராமேசுவரம் விரைவு வண்டியைப் பெரியவர்கள் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். ரயிலும் கப்பலும் ஒரு கையில் இருந்ததால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க முடிந்தது. இன்று குடும்பத்தோடு மத்தியதரைக் கடலுக்குச் செல்ல எண்ணும் திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மறக்க வேண்டும். குரூஸ் கப்பல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஓர் ஊரில் ஏற்றி மற்றோர் ஊரில் இறக்கும் கப்பலைப் பெரி என்பர். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட கப்பல் அவ்வகையைச் சேர்ந்தது. குரூஸ் கப்பலோ புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவது. இரவில் ஓடி, விடியற்காலையில் ஒரு துறையைப் பிடித்து, பகல் முழுவதும் அங்கே நின்று, மாலையில் மீண்டும் கிளம்புவது. 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய பயணங்கள் தொடங்கியபோது தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது அறிமுகமாயிற்று. மத்தியதரைக் கடலில் வழக்கமான சுற்று ஏழு இரவுகள் கொண்டது. பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறையாகிய சிவிட்டாவெக்கியா, சிசிலித் தீவின் பலெர்மோ என அது வளைந்து வரும்.

இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மிதக்கிறது என்ற கேள்விக்கு மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளமே விடை வைத்திருக்கிறது. காலிப் பீப்பாய்களின் மேல் மரச்சட்டங்களைப் பரப்பிக் கட்டப்படும் தெப்பம், தான் விலக்கும் தண்ணீரின் எடை தன் மொத்த எடைக்குச் சமமாகும் வரை அமிழ்ந்து, அங்கே நின்றுவிடுகிறது. சுவாமியும் அர்ச்சகர்களும் நாதசுரக்காரர்களும் ஏறும்போது அது மேலும் சில விரற்கடை தாழ்வதைக் கரையில் நிற்பவர் கண்ணாலேயே காணலாம். இந்த விதியை வகுத்த ஆர்க்கிமிடீஸ் பிறந்து வாழ்ந்த சிராக்கூஸ், சிசிலியின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு மத்தியதரைக் கடல் நகரம் என்பது இப்பயணத்துக்குப் பொருத்தமான செய்தி. கடல்நீரில் உப்பு மிகுந்தால் அதன் எடையும் மிகும். கங்கையும் கோதாவரியும் காவிரியும் நன்னீரைக் கொட்டும் வங்காள விரிகுடாவைவிட, விழும் ஆற்றுநீரைக் காட்டிலும் ஆவியாகும் நீர் அதிகமான மத்தியதரைக் கடல் உப்பு மிக்கது. அங்கே ஒரு கிலோ நீரில் 38 கிராம் அளவுக்கு உப்பு உண்டு. ஆதலால் அதே கப்பல் அங்கே சில சென்டிமீட்டர் உயர்ந்து மிதக்கும்.

2022-இல் சேவைக்கு வந்து இக்கடலில் ஓடும் எம்.எஸ்.சி. வேர்ல்டு யூரோப்பா என்ற கப்பலின் நீளம் 333 மீட்டர். 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைப் படுக்க வைத்து அளந்தால் நாலரைக் கோபுரங்களுக்கு மேல் வரும். அதன் ‘கிராஸ் டன்னேஜ்’ 2,15,863 என்று விளம்பரங்களில் காணப்படும். பெயரில் டன் இருந்தாலும் இது எடை அன்று. கப்பலின் மூடிய உட்புறம் எவ்வளவு விசாலமானது என்பதைக் காட்டும் கொள்ளளவுக் கணக்கு. ஒரு கப்பலில் எத்தனை மதுப்பீப்பாய்கள் அடுக்கலாம் என்று பழைய ஐரோப்பிய வணிகர்கள் எண்ணியதிலிருந்து பிறந்த சொல் அது. குடும்பத்துக்குக் கப்பல் தேர்ந்தெடுப்பவர் இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஒருவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும், உணவுக்கூடத்தில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்பது விளம்பரப் படங்களைவிடத் தெளிவாகப் புலப்படும்.

நீருக்குள் எட்டு ஒன்பது மீட்டரே அமிழ்ந்து, நீருக்கு மேல் கோபுரம்போல் எழும் இந்த உருவம் ஏன் கவிழ்வதில்லை என்பதுதான் இக்கலையின் உயிர்நாடி. காவிரிக்கரை மக்கள் இதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம், அதன் வட்டமான அடியில் கனம் குவிந்திருப்பது. குரூஸ் கப்பலிலும் என்ஜின்கள், எரிபொருள், நன்னீர்த் தொட்டிகள், நிலைநீர்த் தொட்டிகள் ஆகியவை அடித்தளத்தில் அமைகின்றன; மேல்தளங்கள் மெல்லிய தகட்டால் ஆனவை. ஆனால் பொம்மைக்கு இல்லாத மற்றொரு துணையும் கப்பலுக்கு உண்டு, அது அகலம். கப்பல் ஒருபுறம் சாயும்போது அப்புறத்தில் அதிகப் பாகம் நீரில் அமிழ, நீரின் மேல்நோக்கிய தள்ளுதலும் அப்புறத்துக்கே நகர்ந்து கப்பலை நிமிர்த்துகிறது. வட்டமும் அகலமுமான பரிசல் சுழலுமே தவிர எளிதில் கவிழாததும் இதனால்தான்.

இங்கே கப்பல் கட்டுவோர் எதிர்கொள்ளும் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. அடிக்கனத்தையும் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போனால் கப்பல் பாதுகாப்பாகும்; ஆனால் தலையாட்டி பொம்மையைப்போல் வெடுக்கென்று நிமிரும், பயணிகளின் வயிறு அதைத் தாங்காது. ஆகவே பாதுகாப்புக்கு வேண்டிய அளவைக் காத்துக்கொண்டு, சாய்ந்து மெல்ல நிமிரும் தன்மையைப் பயணியர் கப்பலுக்கு அளிக்கிறார்கள். எஞ்சும் ஆட்டத்தைக் குறைக்க, நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் மீனுக்கு இருப்பவைபோல் விரியும் துடுப்புகள் உள்ளன. கப்பல் வலப்புறம் சாயத் தொடங்குவதைச் சுழல்மானி என்ற கருவி உணர்ந்தவுடன், வலத்துடுப்பு மேல்நோக்கியும் இடத்துடுப்பு கீழ்நோக்கியும் தள்ளும் கோணத்துக்குத் திரும்புகின்றன; விமான இறக்கையைக் காற்று தூக்குவதுபோல் ஓடும் நீர் அவற்றைத் தள்ளிச் சாய்வைத் தணிக்கிறது. கப்பல் ஓடினால்தான் இவற்றுக்கு வேலை. துறையில் நிற்கும்போது அவை வயிற்றுக்குள் மடங்கிவிடும். பக்கவாட்டு ஆட்டத்தையே இவை தணிக்கும். மீனவர் அணியம் என்று சொல்லும் முன்முனையும், அமரம் என்று சொல்லும் பின்முனையும் மாறி மாறி ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க இயலாது. ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்த குழந்தை அசையாதிருப்பதைப்போல், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளே மிகக் குறைவாக ஆடும். மயக்கமும் குமட்டலும் வரக்கூடிய பெரியவர்களுக்கு உச்சித்தளத்துப் பால்கனி அறையைப் பரிசாக எடுத்துத் தருவது அன்பால் செய்யும் பிழை.

கப்பலை இயக்கும் முறையைப் பொன்மலைப் பணிமனையை அறிந்தவர் எளிதில் புரிந்துகொள்வர். டீசல் ரயில் என்ஜினில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்ற, பிறக்கும் மின்சாரம் மோட்டார்கள் வழியே சக்கரத்துக்குச் செல்கிறது. பெரும்பாலான குரூஸ் கப்பல்களிலும் அதே ஏற்பாடுதான். என்ஜின்களின் கழிவுவெப்பமும் வீணாவதில்லை; கடல்நீரை நன்னீராக்க அது உதவுகிறது. காற்றழுத்தம் குறைந்த மலை ஊர்களில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுவதால் சோறு வேகத் தாமதமாவதை அறிந்தவர்க்கு இது புரியும்: அழுத்தத்தைக் குறைத்த கலத்தில் கடல்நீர் நூறு பாகைக்கு வெகு கீழேயே ஆவியாக, அதைக் குளிர்வித்து நன்னீர் பெறுகிறார்கள். சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறையும் உடன் உண்டு.

புறப்படும் மாதத்தைக் காற்றே தீர்மானிக்கிறது, இன்றும் ஓரளவுக்கு. பிரான்சின் தென்கரையில் மிஸ்ட்ரல் என்ற குளிர்ந்த வடகாற்றும், கிரேக்கத் தீவுகளுக்கிடையே ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வறண்ட வடகாற்றும் கடலைக் கலக்கும். ஆகவே மே மாதமும் செப்டம்பரும் நல்லவை, அவற்றுள் மே நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகிறது. இக்கடலுக்கும் திருச்சிக்கும் உள்ள பழைய உறவும் காற்றை நம்பியதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடற்பயண நூல் அர்கரு என்று குறிப்பிடும் ஊரை உறையூர் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கு நெய்த மெல்லிய துணி அந்த நூலில் ஏற்றுமதிப் பொருளாக இடம்பெறுகிறது. அக்கால வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் நதிவழியே சென்று, பாலைவனத்தை ஒட்டகங்களோடு கடந்து, செங்கடலில் கோடையில் கப்பலேறிச் சேர நாட்டு முசிறித் துறைக்கு வந்தனர் என்றும், காற்றுத் திரும்பும் டிசம்பரில்தான் மீண்டனர் என்றும் உரோமானியரான பிளினி எழுதியிருக்கிறார்.

துறைகளின் பெயர்களில் ஒரு மயக்கம் உண்டு. ரோம் என்று பட்டியலில் கண்டால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். புளோரன்ஸ் என்றால் நிற்பது லிவோர்னோவில். அங்கிருந்து புளோரன்ஸ், ஏறக்குறைய திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் உள்ள தொலைவு. வெனிஸ் நகரின் நடுக்கால்வாயில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களுக்கு அனுமதியில்லை. சாண்டொரினியில் கப்பல் கரையை அணையாமல் கடலிலேயே நிற்க, சிறு படகில் இறங்கி, ஏறத்தாழ 600 படிகள் ஏற வேண்டும் அல்லது கம்பிவட ஊர்தியில் செல்ல வேண்டும். உச்சிப்பிள்ளையாரின் நானூற்றுச் சொச்சம் படிகளை ஏறுவதற்கே மூச்சு வாங்கும் பாட்டிக்கு எது ஏற்றது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், மால்டா, 2023-இல் சேர்ந்த குரோவேசியா ஆகியவற்றுக்கு ஷெங்கன் விசா ஒன்றே போதும். ஆனால் நடுவில் துருக்கியோ துனிசியாவோ வந்தால் அந்நாட்டு விதியைத் தனியே கேட்டறிய வேண்டும், மீண்டும் ஷெங்கன் நாட்டுக்குள் நுழையப் பலமுறை நுழைவுக்கான விசாவும் வேண்டும். திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லாததால், வழியில் மாறும் விமானம் தாமதமானாலும் கப்பல் தவறாதபடி ஒருநாள் முன்னதாகவே புறப்படும் துறைக்குப் போய்த் தங்குவது செலவன்று, காப்பு.

கூட வருபவர்களைப் பற்றிய திட்டத்துக்கு இவை எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கத் தகும். காசி யாத்திரைக்கும் திவ்யதேச யாத்திரைக்கும் கூட்டாகச் சென்று பழகிய ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள், நான்கு ஐந்து வீட்டார் சேர்ந்து பதிவு செய்வதை இயல்பாகவே விரும்புகிறார்கள். அப்படிச் செய்யும்போது எல்லாருடைய முன்பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னால்தான் இரவு உணவுக்கு ஒரே மேசையும் ஒரே நேரமும் கிடைக்கும். துறைகளில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொள்வது தனித்தனி டாக்சியைவிடச் சிக்கனம். ஆனால் வேன் திரும்பும் நேரத்தைக் கப்பல் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவருடைய தாமதம் எட்டுப் பேரையும் கரையில் நிறுத்திவிடும். கூட்டமாகப் போகிறவர்கள் இதை முதல்நாளே பேசி முடித்துக்கொள்ளாவிட்டால், பல வருட நட்பு ஒரு வாரத்தில் கசந்துபோகக்கூடும்.

உணவைப் பற்றியும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அறையில் சமைக்க இயலாது. தீப்பிடிக்கும் அபாயம் கருதி ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் கப்பலில் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். சைவம் என்று பட்டியலில் குறியிட்ட உணவிலும் பார்மிசான் பாலாடைக்கட்டி தூவியிருக்கலாம். அதை உறையவைக்க இத்தாலிய மரபுப்படி கன்றின் இரைப்பைச் சாறு பயன்படுகிறது என்பதை அறியாமல் ஆசாரமான குடும்பங்கள் உண்டுவிடுகின்றன. வெங்காயம் பூண்டு இல்லாத உணவையும் கேட்கலாம், ஆனால் பல வாரங்களுக்கு முன்பே. கை கழுவுவது வேறு வகையில் முக்கியம்: ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டிகளைத் தொடும் இடத்தில் நோரோ என்னும் வயிற்றுப்போக்கு வைரஸ் விரைந்து பரவும், கைகழுவும் ஜெல்லைவிடச் சோப்பும் தண்ணீருமே அதற்கு மருந்து.

6,700-க்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடிய கப்பலில், முன்பின் அறியாத அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் பொறுப்பாளர்கள் ஆகும் நேரம் ஒன்று உண்டு. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சரிந்ததில் 32 பேர் மாண்டனர். அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னர், புறப்படும் முன்போ புறப்பட்டவுடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. ஏழு குறுகிய சங்கொலியும் ஒரு நீண்ட சங்கொலியும் கேட்டால், அறைக்கதவின் உட்புறத்திலும் அறைச்சாவி அட்டையிலும் அச்சிட்டிருக்கும் எழுத்துக்குரிய கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளின் மணிக்கட்டில் அதே எழுத்து பொறித்த பட்டையைப் பல கப்பல்களில் கட்டிவிடுகிறார்கள். விளையாட்டரங்கில் பெற்றோரைப் பிரிந்து நிற்கும் குழந்தையின் கையை எடுத்துப் பார்த்து, எந்த நாட்டவராயினும், எந்த மொழி பேசுபவராயினும், அருகில் நிற்கும் சகபயணி அந்த எழுத்துக்குரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக.