வற்றிய சேறும் ஏரிதான்

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட்டும் உருக்காலைகளும் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் லாரிகளும்தான் பலருக்கு நினைவில் வரும். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால், நிலம் மெல்லத் தாழ்ந்து, மரங்கள் குறைந்து, பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை வந்துவிடும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்பகுதி நம்முடையது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு.

இந்தக் கரையை வேறொரு கரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் கடலோர ஏரிக்கரைகளில் நடப்பதற்கென்றே உலகெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள். பனியாறுகள் பாறையைக் குடைந்த பள்ளங்கள் அந்த ஏரிகள். லாக் எடிவ் போன்றவற்றில் ஆழம் நூறு மீட்டரைத் தாண்டும். பழவேற்காட்டில் பல இடங்களில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஆனால் இரண்டுக்குள்ளும் கடலைக் கொண்டுவந்தது ஒரே நிகழ்வுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அங்கே பாறைப் பள்ளத்துக்குள் புகுந்தது. இங்கே தட்டையான தாழ்நிலத்தில் பரவியது. அலை கொண்டுவந்த மணல் திட்டாகக் குவிந்து, பரவிய நீரின் ஒரு பகுதியைக் கடலிலிருந்து பிரித்துவைத்தது.

அந்தத் தட்டைத்தன்மையில்தான் இந்தக் கரையின் அறிவியல் முழுவதும் இருக்கிறது. நீர்மட்டம் சில அங்குலம் இறங்கினாலே கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொட்டுகின்றன. உவர்ப்பு சட்டென்று குறைகிறது. தை பிறந்ததும் நீர் வடியத் தொடங்குகிறது. கோடையில் ஆவியாகிச் சுண்டும்போது, ஒதுக்குப்புறமான பகுதிகளில் உப்பு கடல்நீரின் அளவையே மிஞ்சும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். வெளியே தெரியும் சேற்றில் உமரிச் செடிகள் படர்கின்றன. உப்பின் நெருக்கடி கூடக்கூட அவற்றின் பச்சை சிவப்பாக மாறும். நடந்துகொண்டே அந்த நிறத்தைப் பார்த்தால், மண்ணில் உப்பு ஏறியிருப்பதைக் கருவி இல்லாமலே ஓரளவு ஊகிக்கலாம்.

நீர் வடியும் அந்த மாதங்களில்தான் பூநாரைகள் மேய்கின்றன. முழங்கால் அளவு நீரும், புழுக்களும் நுண்ணிய இறாலினங்களும் நிறைந்த சேறும் அவற்றுக்கு வேண்டும். தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் சல்லடைபோல் இரையை நிறுத்திக்கொள்ளும். பறவை சும்மா வடிகட்டிக்கொண்டிருக்கிறது என்றே நெடுநாள் நினைத்தோம். 2025இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அதைவிட அழகான ஒன்றைக் காட்டியது. பூநாரை சேற்றைக் காலால் மிதித்துக் கிளப்புகிறது. தலையை விசுக்கென்று மேலே இழுத்து நீருக்குள் சுழல்களை உண்டாக்குகிறது. தப்பி ஓடக்கூடிய சிற்றுயிர்கள் அந்தச் சுழலில் அகப்படுகின்றன. நின்ற இடத்தில் நீரோட்டத்தையே உருவாக்கி வேட்டையாடும் பறவை அது. அதன் இளஞ்சிவப்பும் இந்த இரையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருவதுதான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் பிறக்கின்றன.

ஆகவே, கோடையில் வெடித்துக் கிடக்கும் சேற்றைப் பார்த்து "தரிசு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தொழிற்சாலைகளுக்கு இவ்வளவு அருகில் அந்தச் சொல் ஆபத்தானது. ஆண்டில் பாதி நாள் தண்ணீர் இல்லாத இடமும் ஏரியின் உடல்தான். அதை மேடாக்கினால் பூநாரைகளுக்கு மேய்ச்சல் போகும். மழைக்காலத்தில் வெள்ளம் விரிந்து படுக்க இடமும் போகும்.

இந்த உடலுக்கு மூச்சு, தெற்கே பழவேற்காடு ஊருக்கு அருகிலுள்ள முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். கரையோரமாக அலைகள் நகர்த்தும் மணல் வாயை அடைத்தால் அந்தப் போக்குவரத்தே நின்றுவிடும். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அது அன்றாடச் சோற்றுப் பிரச்சினை. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று மீனவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டதன் காரணமும் இதுதான்.

நடக்கப் போகிறவர்கள் மார்கழி முதல் மாசி வரை, விடிந்த கையோடு போவது நல்லது. இரட்டைக்கண் நோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். பூநாரைக் கூட்டத்தை நெருங்கவே வேண்டாம். பூநாரைகள் இங்கே கூடுகட்டுவதில்லை, இந்தியாவில் அவை பெருங்கூட்டமாக முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் பாலைவனத்தில். அத்தனை தூரம் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்கின்றன. படத்துக்காக ஒருமுறை கிளப்பிவிட்டால், தின்றதில் ஒரு பங்கு அந்தப் பறத்தலிலேயே செலவாகிவிடும்.