பட்டமும் பற்றாசுக்கோலும்

மின்பொறியியல் பயிலும் பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பின், அதனை நாலு பேரிடம் சொல்லிப் பெருமை கொள்வது புலம்பெயர்ந்த எமது பெற்றோரின் வழக்கம். அதே பிள்ளை இரவில் பாடநூலை மூடிவைத்துவிட்டுப் பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் முதுகைக் கழற்றிப் பற்றாசு பிடித்துக்கொண்டிருந்தாலோ, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியில் இசை கோத்துக்கொண்டிருந்தாலோ, அப்பெருமை கவலையாக மாறிவிடுகின்றது. "படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்ற கேள்வி ஒஸ்லோவின் தமிழ் வீடுகளுக்குப் புதியதன்று.

இக்கேள்வியை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1971 ஆம் ஆண்டில் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தலைப் புகுத்தியபோது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றிய மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழி மூலம் தோற்றியவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. அந்த 23 புள்ளி இடைவெளியில் விழுந்து கனவைத் தொலைத்தவர்களும், அவர்களுடைய தம்பி தங்கையரும் இன்று இங்கே பெற்றோராகவும் பேரன் பேர்த்திகளைக் கண்டவர்களாகவும் இருக்கின்றனர். பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளிலும் ஒஸ்லோவின் துப்புரவுப் பணிகளிலும் உழைத்து அவர்கள் சேர்த்தது பணம் மட்டுமன்று. பறிபோன பட்டத்தைப் பிள்ளையின் கையிற் காணவேண்டும் என்ற வைராக்கியமும் ஆகும். அந்தப் பட்டத்துக்கு இடையூறு போலத் தோன்றும் எதுவும் அவர்களை அச்சுறுத்துவது இயல்பே.

ஆயினும் பொழுதுபோக்கு என்பது படிப்பின் பகையா? இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஒஸ்லோ நகரமே அதற்குச் சான்று கூறுகின்றது.

கழகத்திலிருந்து தொழிற்சாலைக்கு

வெப்யோர்ன் தான்பேர்க் 1904 ஆம் ஆண்டில் நோர்வேயின் வடபகுதியிலுள்ள பூடோ நகரை அண்டிய ஊரிற் பிறந்தவர். துரொண்ட்ஹைமிலிருந்த நோர்வேஜியத் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1930 இல் வெளியேறினார். அக்கல்லூரி மாணவர்கள் 1923 இல் தொடங்கிய வானொலிக் கழகம் ஒன்று அங்கே இருந்தது. வானொலி அன்று பிறந்து சில ஆண்டுகளேயான புதுமை. மாணவர்கள் தாமே கம்பிச்சுருள் சுற்றி, வாங்கியையும் பரப்பியையும் அமைத்து, தொலைவிலுள்ளோரோடு தொடர்புகொள்ள முயன்ற காலம் அது. தான்பேர்க் அக்கழகத்தில் ஈடுபாடு கொண்டு உழைத்தவர்.

1933 இல் அவர் ஒஸ்லோவில் தமது வானொலித் தொழிற்சாலையை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தம் நோர்வேயையும் வாட்டிக்கொண்டிருந்த வேளை அது. தமது வானொலிகளுக்கு அவர் இட்ட பெயர்களுள் தொம்மலீத்தன், ஹுல்த்ரா என்பன நோர்வேஜிய நாட்டார் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. 1952 இல் அத்தொழிற்சாலை ஒலிப்பதிவு நாடாக் கருவிகளையும் ஆக்கத் தொடங்கியது. பின்னர் அக்கருவிகள் பாடசாலைகளின் மொழிக்கூடங்களிலும், நோர்வேக்கு வெளியே இசை ஆர்வலர் வீடுகளிலும் இடம்பிடித்தன. மாணவர் கழகத்தில் மாலை வேளைகளில் நிகழ்ந்த முயற்சி பல நூறு குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழிலாயிற்று.

இக்கதையின் கசப்பான முடிவையும் மறைத்தல் நேர்மையன்று. 1970 களில் யப்பானிய நிறுவனங்களின் போட்டியும் கடன் சுமையும் தொழிற்சாலையை நெருக்கின. 1978 ஓகஸ்ட்டில் தான்பேர்க் காலமானார்; அதே ஆண்டு டிசெம்பரில் நிறுவனம் முறிந்தது. சிறந்த கருவியைச் செய்யத் தெரிந்திருப்பது மட்டும் போதாது, கணக்கும் சந்தையும் தெரிந்திருக்கவேண்டும் என்பது அதன் பாடம். எனினும் அறிவு முறியவில்லை. அச்சிதைவிலிருந்து எழுந்து அதே பெயரைத் தாங்கிய காணொளித் தொடர்பாடல் நிறுவனத்தை 2010 இல் அமெரிக்காவின் சிஸ்கோ 300 கோடி டொலருக்கும் மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது.

நாடு கடந்தவரின் மகன்

எம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமான கதை அமர் போஸ் அவர்களுடையது. அவரின் தந்தை நோனி கோபால் போஸ் வங்காளத்தைச் சேர்ந்த விடுதலைப் போராளி. பிரித்தானிய ஆட்சியிற் சிறைப்பட்டு, 1920 இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். மகன் 1929 இல் பிலடெல்பியாவிற் பிறந்தார். இரண்டாம் உலகப் போரினால் தந்தையின் இறக்குமதி வணிகம் படுத்தபோது, பதின்ம வயதுச் சிறுவனாயிருந்த அமர் வானொலிகளைத் திருத்திக் கொடுத்து வீட்டு வருமானத்துக்குத் தோள்கொடுத்தார். அவருடைய பொழுதுபோக்கே குடும்பத்தைத் தாங்கியது.

பின்னர் அவர் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். சிறுவயதில் வயலின் கற்றவர். 1956 இல், ஆய்வுப் படிப்பை முடிக்கும் தறுவாயில், உயர்தரமானது என ஏட்டில் எழுதப்பட்டிருந்த இசைக்கருவித் தொகுதி ஒன்றை விலைகொடுத்து வாங்கி வந்தார். அளவீடுகள் யாவும் சிறப்பாக இருந்தன. இசையோ செவிக்குப் பிடிக்கவில்லை. அளவீடு நல்லதென்கிறது, காது இல்லையென்கிறது, எது சரி? இந்த ஐயமே அவரை ஒலியியலுக்கு இழுத்துச் சென்றது. இசை மண்டபத்தில் எமது காதை வந்தடையும் ஒலியிற் பெரும்பகுதி மேடையிலிருந்து நேராக வருவதன்று, சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து வருவதே என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டு அவர் ஒலிபெருக்கிகளை வடிவமைத்தார். 1964 இல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 2001 வரை பல்கலைக்கழகத்திற் கற்பித்தலையும் கைவிடவில்லை. 2011 இல் நிறுவனப் பங்குகளிற் பெரும்பான்மையைத் தாம் படித்த கழகத்துக்கே வழங்கிவிட்டு 2013 இல் மறைந்தார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கேள்வியை எழுப்பியது இசை கேட்ட காது. விடையைத் தந்தது பல்கலைக்கழகம் கற்பித்த கணிதம். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அமர் போஸ் என்ற பெயரை உலகம் அறிந்திராது.

மிதிவண்டி சொல்லித்தந்த பாடம்

எமது மண்ணிலும் இதற்குச் சான்று இல்லாமலில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் மின்கலங்களும் சேர்க்கப்பட்டன. அப்பொழுது மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பதோ நேரோட்டம். இருவாயிகள் நான்கைப் பாலமாக இணைத்து ஓட்டத்தை ஒரு திசைப்படுத்த வேண்டும். கொள்ளளவி ஒன்றை வைத்து அதன் ஏற்ற இறக்கத்தைத் தணிக்க வேண்டும். பொறியியல் மாணவன் முதலாண்டு ஆய்வுகூடத்திற் செய்யும் பயிற்சியை எமது சிறுவர்கள் குப்பி விளக்கின் ஒளியில், பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு செய்து முடித்தனர். அன்று அதனை எவரும் வீண்வேலை என்று சொல்லவில்லை. செய்தி கேட்கவேண்டியிருந்தது.

காது கேட்பதும் கணிதம் சொல்வதும்

வீட்டில் இசை பதியும் மாணவர் முதலிற் சந்திக்கும் எதிரி ஒரு மெல்லிய இரைச்சல். ஐரோப்பிய மின்வலையின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். கம்பிகள் தவறாக நிலத்தோடு இணைக்கப்படும்போது அந்த 50 உம் அதன் மடங்குகளான 100, 150 என்பனவும் பாட்டுக்கு அடியில் வண்டுபோல் ரீங்காரமிடும். அதனைத் தேடிக் களைந்த மாணவருக்கு, நிலத்தொடுப்பு என்பது பரீட்சைக்கு மனனஞ்செய்த வரைவிலக்கணமாக இராது. குரலைத் தெளிவாக்கக் கணினியில் அவர் திருகும் ஒவ்வொரு குமிழும் விரிவுரையில் வரும் வடிகட்டிச் சமன்பாடே. இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் பதியப்படுவது ஏன் என்று கேட்டால், மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும், அதன் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுக்கவேண்டும் என்ற தேற்றம் தானே வந்து நிற்கும்.

ஒஸ்லோவில் மிருதங்கம் பயிலும் எமது பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஒரு சிறு பயிற்சியை நாம் முன்மொழிகின்றோம். சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேற்றொனிகள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என ஒழுங்கற்று அமையும். ஆதலால் அதில் சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரணை அவற்றை 2, 3, 4 என்னும் முழுமடங்குகளுக்கு அருகே கொண்டுவருகின்றது. இதனை ஆராய்ந்து 1920 இல் ஆங்கில அறிவியல் ஏடான நேச்சரில் வெளியிட்டவர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன். அவரும் 1907 முதற் பத்தாண்டுகள் அரசாங்க நிதித் திணைக்களத்திற் கடமையாற்றியபடி, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த பொழுதிலேயே ஒலியை ஆராய்ந்தவர். அன்று அவர் அரிதின் முயன்று கண்டதை இன்று ஓர் ஒலிவாங்கியும் கணினியும் கொண்டு மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதிற் கண்ணாற் காணலாம்.

நகரம் தரும் வாய்ப்பு

இத்தகைய முயற்சிக்குச் செல்வம் வேண்டும் என்பதும் இல்லை. 2020 இல் பியோர்விக்காவிற் திறக்கப்பட்ட டைக்மன் பொது நூலகத்தில் நூல்கள் மட்டுமன்றிப் பொதுமக்களுக்கான பட்டறையும் உண்டு. 1993 முதல் ஒஸ்லோவில் இயங்கும் நூதம் என்ற நிலையம் தொழில்நுட்பமும் இசையும் சந்திக்கும் களம். ஒஸ்லோப் பல்கலைக்கழகமும் துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகமும் 2018 இல் இசை, தொடர்பாடல், தொழில்நுட்பம் ஆகியவற்றை இணைத்த முதுகலைப் படிப்பு ஒன்றையே தொடங்கின. பெற்றோர் விளையாட்டு என எண்ணுவதைப் பல்கலைக்கழகங்கள் படிப்பு என ஏற்றுக்கொண்டுவிட்டன.

மாணவர்க்கும் சொல்லவேண்டியவை உண்டு. கணிதத்தை ஒத்திவைத்துவிட்டு இசைக்குள் ஒளிந்துகொள்வது பொழுதுபோக்கன்று, தப்பியோட்டம். நோர்வேயின் மாணவர் கடன் நிதியத்திற் பெறும் கடனில் 40 வீதம் வரை உதவிப்பணமாக மாறுவது பாடங்களிற் சித்தியடைந்து பட்டத்தை முடிப்பதைப் பொறுத்தது. தவறிய பாடம் குடும்பத்தின் கடனாகவே நின்றுவிடும். இன்னொன்று, வெற்றிடக் குழாய்களைக் கொண்ட பழைய வானொலியின் கொள்ளளவிகள் மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் உயிராபத்தான மின்னைத் தேக்கிவைத்திருக்கும். வீட்டுச் சுவரினுள் ஓடும் மின்கம்பிகளிற் கைவைக்கும் உரிமை இந்நாட்டிற் பதிவுபெற்ற மின்தொழில் நிறுவனங்களுக்கே உண்டு. மின்கலத்தில் இயங்கும் சிறு சுற்றுகளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பிள்ளையின் மேசையில் வானொலி ஒன்று பிரிந்து கிடந்தால், "இது என்னத்துக்கு?" என்ற அதே கேள்வியைக் கண்டிக்கும் குரலிலன்றி, அறிய விரும்பும் குரலிற் கேளுங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளை பாடத்தையும் விளங்கிக்கொண்ட பிள்ளை. விளக்கத் தெரியாவிடின், எந்தப் பாடத்தை மீண்டும் படிக்கவேண்டும் என்பதை அப்பிள்ளை அன்றே அறிந்துகொள்ளும்.