செய்மதி கண்ட விண்வெளி நிலையம்

கண் காண்பதற்கு ஒளி வேண்டும். றேடாரோ தனக்கு வேண்டிய அலைகளைத் தானே செலுத்தி, தெறித்து மீள்வனவற்றைக் கொண்டு பொருளை அறிவது. ஆதலின் அதற்கு இரவும் பகலும் ஒன்றே.

2007 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள் ஏவப்பட்ட தெராசார்-எக்ஸ் என்னும் ஜேர்மன் செய்மதி, ஏறக்குறைய 514 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, 3 சதமமீற்றர் அளவான அலைகளாற் புவியின் மேற்பரப்பைப் படம் பிடிப்பதற்கென அமைந்தது. 2008 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் நாள் சர்வதேச விண்வெளி நிலையம் அதன் பார்வைக்குள் வந்தது. இடைத்தூரம் 195 கிலோமீற்றர். சார்பு வேகம் செக்கனுக்கு 9.6 கிலோமீற்றர், கிடைத்த காலம் ஏறக்குறைய 3 செக்கன். எனினும், ஒரு மீற்றர் அளவான உறுப்புக்களையும் பிரித்துக் காட்டும் படம் உருவாயிற்று.

இஃது எவ்வாறு இயன்றது? செய்மதி விரைந்து செல்லுங்கால் வெவ்வேறிடங்களிற் பெற்ற அலைகளை முறைப்படி ஒன்றுகூட்டின், அதன் சிறிய அன்ரனா கடந்த வழி முழுதும் ஒரே பெரிய அன்ரனாவாகப் பயன்தரும். காணப்படும் பொருளும் இயங்குமாயின், இரண்டினதும் சார்பியக்கத்தையே கணக்கிற் கொள்ளல் வேண்டும். அதில் நேரும் சிறு பிழையும் படத்தை மங்கச் செய்யும்.

இப்படம் ஒளிப்படம் போன்றதன்று. மூலைகளும் விளிம்புகளும் அலைகளை வந்த வழியே திருப்புதலால் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும்; வழவழப்பான தட்டுக்கள் அவற்றை வேறு திசைக்குத் திருப்பி, இருண்டு கிடக்கும்.

2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள், 8 தொன் எடையுள்ள என்விசற் செய்மதி பேச்சற்றுப் போயிற்று. அதன் நிலையை அறிய, ஜேர்மனியிலுள்ள தரை றேடார் ஒன்று அதனைப் படம் பிடித்தது. பேசாத செய்மதியைப் பின்னொருநாள் பற்றி அகற்றுதற்கு, அதன் நிலையும் சுழற்சியும் முன்னரே தெரிதல் வேண்டும். அவ்வறிவைப் பெற, நிலத்திலிருந்து நோக்கும் றேடாரோடு விண்ணிலிருந்து நோக்கும் றேடாரும் துணைபுரியக்கூடும்.