முந்திரிப் பருப்பின் ஆகாரப் பயனும் அதன் சமையலைக் கைப்பேசியிற் படமெடுத்தலும்

கடலூர் ஜில்லாவில் பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலங்களிலும், அரியலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் புன்செய்களிலும் முந்திரி சாகுபடி செய்யும் குடியானவர்கள், கொட்டையை ஓட்டோடு மூட்டை கட்டி வியாபாரியிடம் ஒப்பித்துவிடுவதே பெருவழக்கு. இப்போது அவர்கள் வீட்டுப் பெண்மக்களிலும் இளைஞரிலும் சிலர், முந்திரி கொண்டு குழம்பும் பலகாரமும் சமைப்பதைக் கைப்பேசியிற் படம் பிடித்து யூடியூபில் வெளியிட்டு, அதன் வாயிலாகப் பருப்பை நேரே விற்கவும் முற்பட்டிருக்கின்றனர். இது மிகவும் சிலாக்கியமான முயற்சி. புதுக்கோட்டை ஜில்லா சின்னவீரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தார் 2018-ம் வருஷத்தில் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ம் வருஷத்தில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியதைப் பலரும் அறிவர். ஆயினும் முந்திரியைப் படமெடுப்போர் இரண்டு விஷயங்களில் ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். பருப்பின் குணத்தை உள்ளதற்கு மேற் சொல்லலாகாது. ஓட்டின் கொடுமையைச் சொல்லாமல் விடவும் ஆகாது.

முந்திரி நம் முன்னோர் காலந்தொட்டு உள்ளதெனினும் ஆதியில் பிரேஸில் தேசத்து மரம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரால் நமது மேல்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. முந்திரி என்னும் பெயர் திராட்சைக்கும் உண்டு. நாஞ்சில் நாட்டு முந்திரிக்கொத்து பாசிப்பயறு கொண்டு செய்யப்படுவதேயன்றி இப்பருப்பால் அன்று என்பதையும், அப்பலகாரத்தைப் படமெடுக்க எண்ணுவோர் நினைவில் வைத்தல் நலம்.

100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 18 கிராம் புரதமும், 44 கிராம் கொழுப்பும், 30 கிராம் மாவுப்பொருளும் அடங்கியுள்ளன. மக்னீசியம், செம்பு, துத்தநாகம் ஆகிய தாதுக்களும் நன்கு உண்டு. கொழுப்பிற் பாதிக்கு மேற்பட்டது நிலக்கடலை எண்ணெயிலும் காணப்படும் ஓலியிக் அமிலம் என்னும் நல்ல வகையைச் சேர்ந்தது. முந்திரியில் கொலஸ்டிரால் மிகுதி என்று சிலர் அஞ்சி ஒதுக்குவது ஆதாரமற்றது. தாவர ஆகாரம் எதனிலும் அது பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை.

சர்க்கரை வியாதிக்கு முந்திரி மருந்து என்பதும் அதே போல் ஆதாரமற்றது. இது குறித்துச் சென்னையிலேயே ஒரு நல்ல பரிசோதனை நடந்துள்ளது. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனைச் சேர்ந்தோர் சர்க்கரை வியாதியுள்ள 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் 12 வாரம் தினந்தோறும் 30 கிராம் முந்திரி கொடுத்துப் பார்த்து, 2018-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். முந்திரி உண்டவர்க்கு நன்மை தரும் எச்.டி.எல். கொலஸ்டிரால் சற்று உயர்ந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சற்றுத் தணிந்தது. தேக எடை கூடவில்லை. ஆனால் இரத்தச் சர்க்கரையில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே வியாதியஸ்தர் அளவோடு உண்ணலாம் என்று சொல்ல இடமுண்டு. வியாதி தீரும் என்று சொல்ல இடமில்லை. 30 கிராம் என்பது, ராத்தலுக்கு 320 என்று தரம் பிரித்த பருப்பில் சுமார் 20 எண்ணிக்கை. நெய்யில் வறுத்துச் சர்க்கரைப் பாகில் இட்டதை இக்கணக்கில் சேர்த்தலாகாது.

இனி ஓட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். முந்திரி, மாவும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்தது. அதன் ஓட்டின் இரு தோல்களுக்கும் நடுவே தேன்கூடு போன்ற அறைகளில் ஒரு கருத்த எண்ணெய் நிறைந்திருக்கிறது. இது தோலிற் பட்டால் கொப்புளங் கண்டு புண்ணாகும். கொட்டையை ஓட்டோடு வறுக்கையில் இவ்வெண்ணெய் கசிந்து தீப்பற்றும். புகை கண்ணையும் மூச்சையும் வருத்தும். கொட்டை உடைக்கும் பெண்கள் விரல்களிற் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வது இதனாலேயே. இதையெல்லாம் பழகியவர்கள் பேச்சின்றிச் செய்துவிடுகிறார்கள். படத்திற் பார்ப்பவனோ, பட்டணத்து அடுக்களையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்து பார்க்கக்கூடும். பச்சை முந்திரிக் குழம்பு விஷயத்திலும் இவ்வபாயம் உண்டு. இளங்கொட்டையைப் பிளக்கும்போது பால் அதிகம் வடியும். கையுறை அணிதல், கையில் எண்ணெய் தடவுதல், எடுத்த பருப்பைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுதல், குழந்தைகளை விலக்கிவைத்தல் ஆகிய இவற்றைப் படத்தில் காட்டி, வாயாலும் சொல்லவேண்டும். ஓட்டோடு வறுப்பதை வெட்டவெளியில் மட்டுமே செய்து காட்டுக.

படமெடுப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் அவசியமில்லை. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் தாழ்வாரமே உத்தமம். ஜன்னலுக்கு எதிர்முகமாகக் கைப்பேசியை வைத்தால் சமைப்பவர் முகம் இருண்டுவிடும். கைப்பேசியை மூன்று கால் தாங்கியிலோ, அது இல்லாவிடில் கனத்த செங்கல் அடுக்கிலோ அசையாது நிறுத்துக. கண்ணாடிவில்லையை மெல்லிய துணியால் துடைத்த பின்னரே ஆரம்பிக்கவேண்டும். ஆவி படியுந்தோறும் மறுபடி துடைக்கவேண்டும். கரிய வாணலியில் வெண்பருப்பு இருக்குங்கால் படம் வெளிறிப்போவது சகஜம். திரையிற் பருப்பின் மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பல கைப்பேசிகளில் வெளிச்ச அளவு நிலைத்துநிற்கும். அடுப்புக்கு மிக அருகில் வைப்பின் கருவி சூடேறி நின்றுவிடும். நடுவே அழைப்பு வராதபடி விமான நிலையில் இடுக. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுக. ஒவ்வொரு செய்கையையும் தனித்தனியே சிறு துண்டுகளாக எடுத்துப் பின்னர் இணைப்பதே எளிது. பருப்பைத் தராசில் நிறுத்து, எண்ணைக் காட்டுவது பார்ப்பவர்க்கு மிக உபயோகம். ஒரு பிடி, இரண்டு பிடி என்பதனால் ஒருவரும் கணக்கறியார்.

முந்திரி சிலருக்கு ஒவ்வாமையால் கடுமையான மூச்சுத் திணறலை உண்டாக்குவது. ஆகையால் எந்தப் பலகாரத்திலும் அது சேர்ந்திருப்பதைப் படத்தின் கீழும் பொட்டலத்தின் மேலும் எழுதவேண்டும். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். அதன் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்திற் பொறிக்கவேண்டும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ம் பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம். கைப்பேசிப் படத்தில் சரக்கைப் புகழ்ந்து விற்பதும் விளம்பரமே என்பதை, கிராம உத்தியோகஸ்தர்கள் மகளிர் குழுக் கூட்டங்களில் எடுத்துரைப்பாராயின் பிற்காலத் தொல்லை பலவும் குறையும்.

பருப்பில் ஈரம் 5 சதவீதத்திற்கு மேற்பட்டால் மொறுமொறுப்புக் கெட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். உடைத்துத் தோல் நீக்கி உலர்த்திய உடனே காற்றுப் புகாத பையில் அடைத்து, அடைத்த தேதியை மேலே எழுதி, தபாலில் அனுப்பும் வரையில் வெயில் படாத இடத்தில் வைத்திருக்கவேண்டும்.