புவியின் உட்புற வேதி இயைபு

புவியின் உட்புற வேதி இயைபு என்பது, மேற்பரப்பிலிருந்து சுமார் 6,371 கி.மீ. ஆழத்திலுள்ள மையம் வரை எந்தெந்தத் தனிமங்கள் எவ்வளவு உள்ளன என்பதைக் குறிக்கும். புவியின் மொத்த நிறையில் ஏறத்தாழ 32% இரும்பு, 30% ஆக்சிசன், 15% சிலிக்கான், 14% மக்னீசியம். மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து பத்து விழுக்காட்டுக்கும் குறைவே.

மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல் வேறு: ஆக்சிசன் 46%, சிலிக்கான் 28%, அலுமினியம் 8%, இரும்பு 5%. அது மேலோட்டுக்கு மட்டும் உரியது. மேலோடு புவியின் நிறையில் ஒரு விழுக்காடு கூட இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தேர்வில் எழுதுபவர்கள் பலர்.

திண்டுக்கல் மாவட்டப் பாறைகள்

கொடைக்கானல் மலைகளும் சிறுமலையும் பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் பாறையால் ஆனவை. பார்வைக்குச் சற்றே பச்சை கலந்த கருநிறம். ஊரில் எல்லாமே கருங்கல்தான். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலந்து இப்பெயரை வைத்தார். 20 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவான இக்கல், மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டதால் வெளியே வந்தது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை உருசியாவின் கோலாவில் உள்ளது. ஆழம் 12,262 மீட்டர். அதனினும் ஆழத்திலிருந்து வந்த கல்லைத்தான் நாம் உடைத்து ஜல்லியாக்குகிறோம். ஆனாலும் இது கீழ் மேலோட்டுப் பாறையே. அதற்கும் கீழே இருப்பதை எப்படி அறிவது?

எடை சொல்லும் செய்தி

சார்னோக்கைட்டுத் துண்டு ஒன்றை நூலில் கட்டி, வில் தராசில் முதலில் காற்றிலும், பிறகு நீரில் மூழ்கவிட்டும் எடை பாருங்கள். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் 2.7 அல்லது சற்றுக் கூடுதலாக வரும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். புவியின் சராசரி அடர்த்தியோ, நீரைப்போல் 5.5 மடங்கு. 1798இல் கேவண்டிஷ் செய்த சோதனையே ஏறத்தாழ இந்த விடையைத் தந்தது. ஆழத்தில் அழுத்தத்தால் பாறை இறுகும் என்றாலும், அது மட்டுமே இவ்வளவு வேறுபாட்டை ஈடுகட்டாது. ஆகவே உள்ளே பாறையைவிடக் கனமான பொருள் இருந்தாக வேண்டும்.

நிலநடுக்க அலைகள்

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஆர். டி. ஓல்டாம், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். நிலநடுக்க அலைகள் புவியைக் கடந்து செல்லும் விதத்தைக் கொண்டு, உள்ளே தனியாக ஒரு கருவம் இருப்பதை 1906இல் காட்டினார். கொடைக்கானலிலும் அக்காலத்திலேயே நிலநடுக்கமானி இயங்கியது. கருவம் சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது. குறுக்கலைகள் அதன் வெளிப்பகுதியைக் கடப்பதில்லை. எனவே அது திரவம். அதனுள் திண்மமான உட்கருவம் இருப்பதை இங்கே லேமன் 1936இல் கண்டறிந்தார்.

கவசமும் கருவமும்

மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடைப்பட்ட கவசம் ஆக்சிசன், மக்னீசியம், சிலிக்கான் மிகுந்தது. எரிமலைக் குழம்பு சில இடங்களில் கவசப் பாறைத் துண்டுகளை மேலே கொண்டுவருவதால் இதற்கு நேரடிச் சான்று உண்டு. கருவத்திலிருந்து அப்படி எதுவும் வருவதில்லை. அதற்கு விண்கற்களே துணை. குசராத்தின் தஜாலாவில் 1976இல் விழுந்தது போன்ற காண்டிரைட்டு வகைக் கற்கள், கோள்கள் உருவான காலத்து மூலப்பொருளைச் சுமப்பவை. அவற்றோடு ஒப்பிட்டால் நம் மேலோட்டிலும் கவசத்திலும் இரும்பும் நிக்கலும் மிகக் குறைவு. குறைந்த பங்கு உருகிக் கருவத்துக்கு இறங்கியது என்பதே பொருந்தும் விளக்கம்.

சியால், சிமா, நைஃப் என்ற பழைய பெயர்கள் நினைவில் வைக்க எளியவை; ஆனால் நைஃப் என்றதும் கருவத்தில் நிக்கலும் இரும்பும் சரிபாதி என எண்ணிவிடக் கூடாது. நிக்கல் சுமார் 5% மட்டுமே. தூய இரும்பு-நிக்கல் கலவையைவிடக் கருவத்தின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் கந்தகம், சிலிக்கான், ஆக்சிசன் போன்ற இலேசான தனிமங்களும் அங்கே கலந்திருக்க வேண்டும். எது எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

2018இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் இதே முறையில் அக்கோளின் அதிர்வுகளைப் பதிந்தது. செவ்வாயின் கருவமும் திரவ இரும்பே; ஆனால் அதில் இலேசான தனிமங்களின் பங்கு புவியினதைவிட அதிகம்.